வெற்றி யாருடையது?

நேயர்களுக்கு வணக்கம். ஒரு சொல்லும் பாடப்படாமல், வாத்தியங்கள் மட்டுமே ஒரு துன்பியல் நாடகத்தைச் சொல்லிவிட முடியுமா என்று கேட்பவர்களுக்கு, பல ஆண்டுகளாக நான் கேட்டுவரும், ஜெர்மானிய இசையமைப்பாளர் ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் 'மேக்பெத்' என்ற இசைக்கவிதையைத்தான் பதிலாகச் சொல்வேன். ஏறத்தாழ இருபது நிமிடம் ஒலிக்கும் படைப்பு இது.

ஷேக்ஸ்பியரின் காட்சிகளை ஸ்ட்ராஸ் வரிசையாக இசைத்துக் காட்டவில்லை. இசைப்பிரதியில் அவர் பெயரிட்டுக் குறித்தவர்கள் இருவர்தாம்: அரசனைக் கொன்று அரியணை ஏறும் மேக்பெத், அவனைத் தூண்டும் அவன் மனைவி. அவள் வருமிடத்தில், 'விரைந்து வா, உன் செவியில் என் துணிவை ஊற்றுகிறேன்' என்று பொருள்படும் நாடக வரிகளையும் எழுதி வைத்திருக்கிறார். புல்லாங்குழலும் கிளாரினெட்டும் குழைந்து பேசும் அந்த இடத்தைக் கூர்ந்து கேளுங்கள். கொலைக்குத் தூண்டும் குரல் அங்கே கொஞ்சும் குரலாகவே வருகிறது.

நான் சொல்ல வந்தது முடிவைப் பற்றி. 1888இல் ஸ்ட்ராஸ் இதை, நாடக முடிவில் மேக்பெத்தை வீழ்த்தும் மேக்டஃபின் வெற்றி நடையோடு முடித்திருந்தார். கொடியவன் வீழ்ந்ததும் பேரிகை முழங்கக் கேட்டுப் பழகிய நமக்கு அது இயல்பாகவே தோன்றும். ஆனால் அவரை வளர்த்துவிட்ட நடத்துநர் ஹான்ஸ் ஃபான் ப்யூலோ அதை ஏற்கவில்லை. கோதேயின் நாடகத்துக்குப் பீத்தோவன் எழுதிய 'எக்மான்ட்' முகப்பிசை, நாடகத் தலைவனான எக்மான்டின் வெற்றி முழக்கத்தோடு முடியலாம். மேக்பெத்தைப் பற்றிய இசை மேக்டஃபின் வெற்றியோடு முடியலாகாது என்பது அவர் வாதம். எக்மான்ட் கொலைக்களத்துக்குப் போகிறான் என்றாலும் அந்த வெற்றி அவனுடையது. மேக்டஃபின் வெற்றியோ இந்த இசைக்குள் வாழ்ந்தவனுடையது அன்று. மீண்டும் சொல்கிறேன், வெற்றி யாருடையது என்பதுதான் கேள்வி. ஸ்ட்ராஸ் அதற்குச் செவிசாய்த்து முடிவை மாற்றினார். இப்போது அந்த முழக்கம் தொலைவிலிருந்து வருவதுபோல் சிறிதே கேட்டு மறைய, மேக்பெத்தின் இருண்ட டி மைனர் சுருதியிலேயே இசை அடங்குகிறது.

1890 அக்டோபரில் வைமர் நகரில் ஸ்ட்ராஸே இதை முதன்முதலாக நடத்தினார். பின்னால் எழுதிய 'டான் ஹுவான்' முந்தைய ஆண்டே அரங்கேறிவிட்டதால், அதுவே அவருடைய முதல் இசைக்கவிதை என்று பலர் எண்ணுகிறார்கள்.

வாத்திய அமைப்பை அவர் மீண்டும் திருத்தியதை விரித்துச் சொல்ல நேரம் இடம் தரவில்லை. அந்தத் திருத்தத்தில் தாழ்ந்த குரலுடைய பேஸ் ட்ரம்பெட் ஒன்று சேர்ந்தது என்பதை மட்டும் சொல்கிறேன். இசை முடியும் தறுவாயில் அந்தத் தொலைதூர முழக்கத்துக்குக் காத்திருங்கள். வணக்கம்.