நண்டைப் பிடிப்பது யார்?

வணக்கம் நேயர்களே. இந்தக் கரையோரத்துப் பள்ளிக்கூடங்களில் முப்பது வருடம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். "ஏதாவது இலக்கணம் பேசுங்கள் சார்" என்று கூப்பிட்டிருக்கிறார்கள். இலக்கணம் என்றதும் ரேடியோவை அணைத்துவிடாதீர்கள். நண்டிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

இரண்டு வாக்கியங்கள் சொல்கிறேன். 'தி க்ராப் இஸ் ஹார்ட் டு கேட்ச்.' இது ஒன்று. 'தி க்ராப் இஸ் க்விக் டு ஹைட்.' இது இன்னொன்று. காதுக்கு இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை. முதலில் நண்டு, அப்புறம் ஒரு பண்புச்சொல், அப்புறம் 'டு' போட்ட வினை. ஆனால் முதல் வாக்கியத்தில் பிடிக்கிறவர் நாம், நண்டு பிடிபடுவது. இரண்டாவதில் ஒளிகிறது சாட்சாத் நண்டேதான். யார் செய்கிறார் என்று சொல்ல அந்த வாக்கியங்களில் தனியாக ஒரு சொல்லும் கிடையாது. 'ஹார்ட்', 'க்விக்' என்கிற அந்தப் பண்புச்சொல்தான் அதை முடிவு செய்கிறது.

மொழியியல் படிப்பவர்கள் இதற்கு நண்டை வைத்துக்கொள்வதில்லை, ஜானை வைத்துக்கொள்வார்கள். 'ஜான் இஸ் ஈஸி டு ப்ளீஸ்', 'ஜான் இஸ் ஈகர் டு ப்ளீஸ்'. முதல் ஜானைச் சந்தோஷப்படுத்துவது லேசு. இரண்டாவது ஜான் மற்றவர்களைச் சந்தோஷப்படுத்தத் துடிக்கிறவன். 1960களில் அமெரிக்க மொழியியலாளர் நோம் சாம்ஸ்கி எடுத்துக்காட்டிப் பிரபலமாக்கிய ஜோடி இது. வாக்கியத்தின் மேல்தோலைப் பார்த்து உள்ளே இருப்பதைச் சொல்லிவிட முடியாது என்பது அவர் வாதம்.

அவருடைய மனைவி கேரல் சாம்ஸ்கி செய்த காரியம் எனக்கு இன்னும் பிடிக்கும். ஐந்து வயது முதல் பத்து வயது வரையான பிள்ளைகளிடம், கண்ணைத் துணியால் கட்டிய ஒரு பொம்மையைக் காட்டி, 'இஸ் திஸ் டால் ஈஸி டு ஸீ ஆர் ஹார்ட் டு ஸீ' என்று கேட்டார். பொம்மை எதிரிலேயே இருக்கிறது, பார்ப்பதற்கு லேசுதான். ஆனால் சின்னப் பிள்ளைகளில் பலர் 'ஹார்ட்' என்றார்கள். சரி, அப்படியானால் ஈஸியாக்கிக் காட்டு என்றால், பொம்மையின் கண்கட்டை அவிழ்த்துவிட்டார்கள்! பார்க்கிறது பொம்மை என்று நினைத்துவிட்டார்கள். இது 1969இல் வெளிவந்த ஆய்வு. இங்கிலீஷைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தைகளே இப்படித் தடுமாறும்போது, நம் பிள்ளைகளின் நோட்டில் சிவப்பு மை கொட்டுவதற்கு முன் கொஞ்சம் யோசிக்கலாம்.

இதையே என் பேத்தியிடம் தமிழில் கேட்டுப் பார்த்தேன். "இந்தப் பொம்மையைப் பார்க்கிறது லேசா, கஷ்டமா?" என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "லேசுதான் தாத்தா" என்றாள். குழம்ப வழியே இல்லை. 'பொம்மையை' என்று ஐ உருபு சேர்ந்ததும் அது பார்க்கப்படுகிற பொருள் என்று தெரிந்துவிடுகிறது. பார்க்கிறது பொம்மை என்றால் 'பொம்மைக்கு' என்றிருப்பேன். இங்கிலீஷ் பண்புச்சொல்லிடம் விட்டுவிடுகிற வேலையை நாம் வேற்றுமை உருபிடம் கொடுத்திருக்கிறோம். எப்போதும் அப்படித்தான் என்று சொல்லமாட்டேன். 'கோழி சாப்பிட ரெடி' என்று நாமும்தான் சொல்கிறோம்.

ஆனால் 'பொம்மைக்கு' என்பதில் வந்த அந்தக் 'கு' உருபுதான் வேறொரு இடத்தில் நம் காலை வாரிவிடும். எனக்குப் போக ஆசை, எனக்கு வரச் சம்மதம், எனக்கு வர வசதிப்படும். தமிழில் மூன்றுக்கும் 'எனக்கு'. ஆசையும் சம்மதமும் மனசில் இருப்பவை, அதனால் இங்கிலீஷில் 'ஐ ஆம் ஈகர் டு கோ', 'ஐ ஆம் வில்லிங் டு கம்' என்று ஆளையே முன்னால் நிறுத்தலாம். வசதி ஆளின் மனசில் இல்லை, காரியத்தில் இருக்கிறது. அங்கே 'இட் இஸ் கன்வீனியன்ட் ஃபார் மி டு கம்' என்றுதான் வரவேண்டும். இதை நான் கற்றுக்கொண்டது அவமானப்பட்டு. வேலை தேடிய காலத்தில் ஒரு பள்ளிக்கு, 'ஐ ஆம் கன்வீனியன்ட் டு கம் ஆன் மண்டே' என்று கடுதாசி எழுதினேன். நேர்காணலில் அந்தத் தலைமையாசிரியர் அதை எடுத்துச் சத்தமாகப் படித்தார். இரண்டாவது தடவையும் படித்தார். திங்கட்கிழமைகளில் நான் ரொம்ப வசதியான ஆள் போலிருக்கிறது!

'பாஸிபிள்' இதே ஜாதி. 'ஐ ஆம் பாஸிபிள் டு கம்' என்று சொல்லவே கூடாது. ஆனால் 'ஹி இஸ் இம்பாஸிபிள் டு ப்ளீஸ்' என்றால் யாரும் குறை சொல்லமாட்டார்கள். அதையே 'ஹி இஸ் பாஸிபிள் டு ப்ளீஸ்' என்றால் தப்பு. 'இம்பாஸிபிளு'க்கு உள்ள சலுகை 'பாஸிபிளு'க்கு இல்லை. இதற்கு என்னிடம் காரணம் கேட்காதீர்கள்.

அப்புறம் வாக்கியத்தின் கடைசியில் வால் மாதிரி நிற்கிற சின்னச் சொல்லின் பிரச்சினை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கிடக்கும், அப்பாமார்கள் வீட்டில் இருப்பார்கள். அது முடிந்து பள்ளி திறந்ததும், விடுமுறை எப்படிப் போனது என்று எழுதச் சொல்வேன். ஒரு பையன் எழுதியிருந்தான்: 'மை ஃபாதர் இஸ் டிஃபிகல்ட் டு டாக்.' அப்பாவுக்குப் பேச்சு வராதோ என்று பதறிவிட்டேன். விசாரித்தால், அப்பாவிடம் பேசுவது கஷ்டமாம். அவன் மனசில் இருந்தது 'அப்பாவிடம்'. அப்பாவைத் தூக்கி வாக்கியத்தின் முன்னால் வைத்ததும் அந்த 'இடம்' விழுந்துவிட்டது. இங்கிலீஷில் அது விழாமல் கடைசியில் ஒட்டிக்கொண்டு நிற்கும்: 'டிஃபிகல்ட் டு டாக் டு.' வள்ளம் படுக்கப் போதாது என்றால் 'டூ ஸ்மால் டு ஸ்லீப் இன்'. அந்த 'இன்' அநாதையாக நிற்பது போலத் தோன்றும், நிற்கட்டும். இதற்கு நேர்மாறாக, 'திஸ் நெட் இஸ் ஹார்ட் டு மென்ட் இட்' என்று வேண்டாத 'இட்' ஒன்றைச் சேர்க்கிறவர்களும் உண்டு. வலையைத்தான் முன்னாலேயே சொல்லியாயிற்றே.

இனி வானிலை அறிக்கைக்கு வருவோம். இங்கிலீஷ் அறிக்கையில், சூறைக்காற்று மன்னார் வளைகுடாவில் 'லைக்லி டு ப்ரிவெய்ல்' என்று வரும். 'லைக்லி' காற்றின் குணமும் கிடையாது, காற்றின் ஆசையும் கிடையாது. காற்று வீசுவதைப் பற்றி அறிக்கை எழுதியவர் போடும் கணக்கு அது. தமிழ் அறிக்கையில் இதற்குப் பண்புச்சொல்லே தேவைப்படவில்லை. 'சூறாவளிக்காற்று வீசக்கூடும்', அவ்வளவுதான். அந்தக் 'கூடும்' வினையோடு ஒட்டிக்கொள்கிறது.

'ஷுர்' இதே வகை. தொண்டிப் பக்கம் பாய்மரப் படகுப் போட்டி நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 'ஹி இஸ் ஷுர் டு வின்' என்றால், அவன் ஜெயிப்பான் என்று கரையில் நிற்கிற நான் அடித்துச் சொல்கிறேன். அவனுக்கே நம்பிக்கை இல்லாமல் இருக்கலாம். 'ஹி இஸ் ஷுர் ஆஃப் வின்னிங்' என்றால் நம்பிக்கை அவனுடையது, நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருக்கலாம். 'டு' இருந்த இடத்தில் 'ஆஃப்' வந்ததும், நிச்சயம் ஓர் ஆளிடமிருந்து இன்னோர் ஆளிடம் போய்விடுகிறது.

இரண்டு பக்கமும் சாய்கிற சொல் 'ரெடி'. 'தி க்ராப் இஸ் ரெடி டு ஈட்' என்றால் நண்டு தட்டில் இருக்கலாம், அல்லது உயிரோடு பசியாக இருக்கலாம். பாம்பன் புதுப் பாலத்துக்கு 2025 ஏப்ரல் 6இல் திறப்பு விழா நடந்தது. அதற்குச் சில நாள் முன்பு பேத்திக்கு இந்தச் சொல்லை விளக்க, 'தி பிரிட்ஜ் இஸ் ரெடி டு ஓபன்' என்றேன். வேறு ஊர்ப் பிள்ளையாக இருந்தால் திறப்பு விழா என்று புரிந்துகொண்டு போயிருக்கும். இவள் பாம்பன்காரி. 1914இல் வந்த பழைய பாலம் கப்பலுக்காக நடுவில் பிரிந்து இரண்டு பக்கமும் தூக்கிக்கொள்ளும், புதியதில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே மேலே ஏறும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

"தாத்தா, இப்ப மந்திரி வர்றாரா, கப்பல் வருதா?" என்றாள்.

அடுத்த வாக்கியத்தைச் சொன்னால்தான் தெரியும் என்றேன். வணக்கம்.