அந்தத் தாயின் மடியில் என்ன?

நடுவர் அவர்களுக்கு வணக்கம். நான் எழுந்து நிற்பதற்கு முன்பே 'இல்லை, இல்லை' என்று தலையாட்டத் தொடங்கிவிட்ட எதிரணியினருக்கும் வணக்கம். அவையோருக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வணக்கம்; கைதட்டல் உங்களிடம்தானே இருக்கிறது.

'கிறிஸ்து பிறப்புக் கதைக்கு நியாயம் செய்பவர்கள் கேள்வி கேட்பவர்களா, கேளாமல் ஏற்பவர்களா?' என்பது தலைப்பு. கேட்பவர்களே என்று வாதாட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய அம்மையார் மிக நேர்த்தியாக ஒரு வேலை செய்தார். 'கேள்வி கேட்பவர்கள்' என்ற சொல்லை மெல்ல எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, அந்த இடத்தில் 'நம்பாதவர்கள்' என்று ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினார். பிறகு தனக்குக் கிடைத்த நேரம் முழுவதும் நம்பாதவர்களைப் போட்டு அடித்தார். அடியில் குறை சொல்ல மாட்டேன், நடுவர் அவர்களே. விழுந்த முதுகுதான் எங்களுடையதல்ல.

கதைக்குள் போவோம். நாசரேத்தில் ஓர் இளம் பெண்ணிடம் தேவதூதன் வருகிறான். நீ கர்ப்பவதியாகி ஒரு மகனைப் பெறுவாய் என்கிறான். லூக்கா எழுதிய நற்செய்தியில் அதுவரை மரியாள் வாய் திறக்கவில்லை. முதன்முதலாகத் திறக்கும்போது வருவது 'ஆமென்' அல்ல. "இது எப்படியாகும்?" என்கிறாள். எதிரணி மூன்று முறை மேற்கோள் காட்டிய "உம்முடைய வார்த்தையின்படி எனக்கு ஆகக்கடவது" என்ற வாக்கியம் முதல் அதிகாரத்தின் 38ஆம் வசனம். கேள்வி 34ஆம் வசனம். நடுவில் தூதன் உட்கார வைத்துச் சொல்வதுபோல் பதில் சொல்கிறான். கேட்டாள், பதில் பெற்றாள், அதன்பிறகு சம்மதித்தாள். எதிரணியின் கையில் இருக்கும் புத்தகத்தில் அந்த நான்கு வசனங்களும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன போலிருக்கிறது.

அடுத்து மேய்ப்பர்கள். "அவர்கள் கேட்டார்களா? ஓடினார்களே!" என்று அம்மையார் குரலை உயர்த்தினார். ஓடினார்கள், உண்மை. எதற்கு ஓடினார்கள்? வானம் ஒளியால் நிறைந்து, தூதர் கூட்டமே பாடி முடித்த பிறகு அந்த மனிதர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டது, பெத்லகேம் ஊருக்குப் போய் இந்தக் காரியத்தைப் "பார்ப்போம் வாருங்கள்" என்பது. கேட்டாயிற்று, நம்பியாயிற்று, படுத்துக்கொள்வோம் என்று அவர்கள் சொல்லவில்லை. இரவுக் காவலில் இருப்பவர்களின் புத்தி அது. புதர் அசைந்தால் காற்றா, ஓநாயா என்று எழுந்து போய்ப் பார்க்கிறவன்தான் காலையில் ஆடுகளை எண்ணிச் சரியாகக் காட்டுவான். தூதனும் அவர்களிடம் 'நம்புங்கள்' என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. துணியில் சுற்றி முன்னணையில், அதாவது மாட்டுத் தீவனத் தொட்டியில், கிடத்தியிருக்கும் குழந்தை என்று அடையாளம் கொடுத்தான். ஒப்பிட்டுப் பார்ப்பதற்குத்தானே அடையாளம்?

மரியாளுக்கு நிச்சயிக்கப்பட்ட யோசேப்பைப் பற்றி எதிரணி பேசவே இல்லை. பேசியிருந்தால் எனக்கு வேலை குறைந்திருக்கும். நற்செய்திகளில் அவர் சொன்னதாக ஒரு சொல்கூடப் பதிவாகவில்லை. கனவு காண்கிறார், எழுகிறார், செய்கிறார். அவ்வளவுதான். இந்த மௌனத்துக்குள் என்ன இருந்திருக்கும் என்று யோசித்த ஒருவர் நம் மொழியிலேயே இருந்தார். இத்தாலியில் பிறந்து, தமிழ் கற்று, தமிழிலேயே காப்பியம் பாடிய வீரமாமுனிவர். தேம்பாவணியின் தலைவன் இயேசு அல்ல. வளன் என்று அவர் பெயரிட்ட இந்த யோசேப்பு, நம் ஊர் வழக்கில் சூசையப்பர். நற்செய்தி ஒரு சொல்கூடப் பேசவிடாத மனிதருக்கு மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள். எழுதியிருப்பதோடு நிறைவடைந்த மனம் இப்படி ஒரு வேலையில் இறங்காது.

இப்போது எதிரணியின் துருப்புச் சீட்டு. சகரியா. யோவான் ஸ்நானகரின் தந்தை. முதிர்ந்த வயதில் உனக்கு மகன் பிறப்பான் என்று தூதன் சொன்னதும் "இதை நான் எதினால் அறிவேன்?" என்றார், ஊமையானார். "கேள்வி கேட்டதற்குத் தண்டனை!" என்று மேசையைத் தட்டினார்கள். நேர்மையாகச் சொல்கிறேன், இந்த இடம் எங்களுக்குச் சங்கடமான இடம். அரை மதிப்பெண் எதிரணிக்குப் போடுங்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவர் கேட்டது அடையாளம். ஆலயத்திலிருந்து வெளியே வந்தபோது, ஒன்பது மாதம் நாக்கிலேயே சுமக்க வேண்டிய அடையாளம் அவருக்குக் கிடைத்துவிட்டிருந்தது. மகனும் பிறந்தான். கேட்டதற்காக வாக்குறுதி பறிக்கப்படவில்லை.

அம்மையார் சொல்லாமல் விட்ட இன்னும் பலமான வாதம் ஒன்று உண்டு. சொல்லியிருந்தால் நான் திணறியிருப்பேன். அவருக்காக நானே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதையிலேயே அதிகம் விசாரித்தவன் யூதேயாவின் அரசன் ஏரோது. கிறிஸ்து எங்கே பிறப்பார் என்று ஆசாரியர்களைக் கூட்டிக் கேட்டான். நட்சத்திரம் தோன்றிய காலம் எது என்று, அதைக் கண்டு குழந்தையைத் தேடிக் கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகளை இரகசியமாக அழைத்துக் கேட்டான். "பிள்ளையைக் குறித்துத் திட்டமாய் விசாரியுங்கள்" என்று சொல்லி அனுப்பினான். ஒரு காவல் அதிகாரியின் குறிப்பேடு போல இருக்கிறது. அப்படியானால் அவனும் எங்கள் அணியா?

அவன் அரண்மனையை விட்டு ஓர் அடி எடுத்து வைத்தானா என்று பாருங்கள். எருசலேமிலிருந்து பெத்லகேம் சுமார் 9 கிலோமீட்டர். மெதுவாக நடந்தாலும் அரை நாள் ஆகாது. கிழக்கிலிருந்து வந்தவர்கள் எத்தனை நாள் பயணம் செய்தார்களோ, அவர்கள் வாயில் இருந்ததும் "எங்கே?" என்ற அதே சொல்தான். அவர்கள் அதைத் தங்கள் காலால் கேட்டார்கள். ஏரோது மற்றவர்கள் காலால் கேட்டான். பதில் வந்ததும் அதை என்ன செய்வது என்று முன்பே முடிவு செய்துவிட்டவனை நாங்கள் எங்கள் பட்டியலில் சேர்ப்பதாக இல்லை.

அந்த அவையிலே இருந்த ஆசாரியர்களையும், வேதம் கற்பிக்கும் அறிஞர்களான வேதபாரகர்களையும் விட்டுவிட முடியாது. கேட்ட மாத்திரத்தில் மீகா தீர்க்கதரிசியை எடுத்துச் சொல்லி, 'யூதேயாவிலுள்ள பெத்லகேம்' என்றார்கள். துல்லியமான பதில். தேர்வென்றால் முழு மதிப்பெண். தலைமுறை தலைமுறையாக எதிர்பார்த்தவர் வந்துவிட்டாராமே என்று ஊரே கலங்குகிறது. அவர்களில் ஒருவர்கூட எழுந்து போனதாக மத்தேயு எழுதவில்லை. வேத வசனத்தை முழுமையாக ஏற்றவர்கள் அவர்கள். ஒரு சந்தேகமும் இல்லை. போய்ப் பார்க்கும் ஆசையும் இல்லை. எதிரணி இவர்களை அழைத்து முன்வரிசையில் உட்கார வைத்துக்கொள்ளலாம்.

"கேள்வி கேட்கத் தொடங்கினால் கிறிஸ்துமஸ் குடில் காலியாகிவிடும்" என்றார் அம்மையார். சில பொம்மைகள் இடம் மாறும், அதை மறைப்பானேன்? மத்தேயு மூன்று பேர் என்றோ அரசர்கள் என்றோ சொல்லவில்லை; காணிக்கை மூன்று என்பதால் ஆளும் மூன்று ஆனது. அவருடைய கதையில் அவர்கள் நுழைவது ஒரு வீட்டுக்குள். முன்னணை லூக்காவின் கதை. அங்கே சாஸ்திரிகள் இல்லை. காலக் கணக்கோ இன்னும் வேடிக்கை. கி.பி. 525இல் தியோனீசியு என்ற துறவி கணக்கிட்ட ஆண்டு முறையைத்தான் உலகம் பின்பற்றுகிறது. ஏரோது இறந்தது கி.மு. 4 என்பது பெரும்பாலான வரலாற்றாசிரியர்களின் கணிப்பு. அவன் உயிரோடிருந்தபோது பிறந்த குழந்தை, கிறிஸ்துவுக்கு முன்னமே பிறந்த கிறிஸ்து ஆகிறது.

சிரித்துவிட்டீர்கள், சரி. இப்போது மாட்டையும் கழுதையையும் பாருங்கள். நான்கு நற்செய்திகளில் எதிலும், பிறந்த இடத்தில் இவை இரண்டும் நின்றதாக எழுதியில்லை. கேளாமல் ஏற்பவர் அவற்றைத் துடைத்து வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார். இவை எப்படி உள்ளே வந்தன என்று கேட்டவர்கள் ஏசாயாவின் முதல் அதிகாரத்தில் போய் நின்றார்கள்: "மாடு தன் எஜமானையும், கழுதை தன் ஆண்டவனின் முன்னணையையும் அறியும்", என் மக்களோ உணர்வில்லாமல் இருக்கிறார்கள் என்று தொடரும் கடிந்துரை அது. நான்காம் நூற்றாண்டுக் கல்லறைப் பேழைச் சிற்பங்கள் சிலவற்றில் தாயைக் காணோம், தந்தையைக் காணோம். குழந்தையும் இந்த இரண்டு விலங்குகளும் மட்டும் இருக்கின்றன. அழகுக்காக நிற்கின்றன என்று நாம் நினைத்தவை, நம்மைப் பார்த்து நிற்கின்றன. கேட்டதால் குடில் காலியானதா, நிறைந்ததா? பிரான்சிஸ் அசிசியார் 1223இல் கிரேச்சோவில் வைக்கோலும் மாடும் கழுதையுமாகக் குடில் அமைத்ததை அம்மையார் உருகி உருகிச் சொன்னார். ஏன் அமைத்தார்? அந்தக் குழந்தை பட்ட சிரமத்தைத் தம் கண்ணால் பார்க்க வேண்டும் என்று விரும்பினார். 'பார்ப்போம் வாருங்கள்' என்ற அந்த மேய்ப்பர்களின் ஆசைதான்.

மணியின் மேல் கை வைத்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே. இன்னும் ஒரு வானியலாளர், ஓர் ஓவியம். அவ்வளவுதான்.

கெப்ளர் குருப்பணிக்காக இறையியல் படித்த பக்தர். 1603 டிசம்பரில் பிராகா நகரில் வியாழனும் சனியும் நெருங்குவதைக் கவனித்தார். மறு ஆண்டு வானத்தின் அதே பகுதியில் புதிய விண்மீன் ஒன்று பளிச்சிட்டது. உடனே உட்கார்ந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டார். கி.மு. 7இல் அந்த இரண்டு கோள்களும் அதேபோல் நெருங்கியிருக்கின்றன. பெத்லகேமின் நட்சத்திரத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டோ என்று எழுதினார். அவர் விடை கண்டுவிட்டார் என்று நான் சொல்லவில்லை. ஒரே ஒளியாகத் தெரியும் அளவுக்கு அவை நெருங்கவில்லை என்பது பின்னாளில் வந்த கணக்கு. ஆனால் அந்தக் கதை உண்மை என்று நம்பியதால்தான் அவர் கணக்கே போட்டார். அம்மையாரின் அகராதியில் இந்த மனிதருக்கு எந்தப் பெயர்?

கெப்ளருக்குச் சம்பளம் கொடுத்தவர், பெரும்பாலும் பாக்கி வைத்தவர், பேரரசர் இரண்டாம் ருடால்ஃப். அவருடைய சேகரிப்பில் பீட்டர் புரூகல் வரைந்த ஓவியம் ஒன்று இருந்தது. 1560களில் வரைந்தது, இன்று பிரிட்டிஷ் அரச சேகரிப்பில் இருக்கிறது. இரண்டு வயதுக்கு உட்பட்ட ஆண் குழந்தைகளைக் கொல்லச் சொன்ன ஏரோதின் கட்டளையை, பனி மூடிய ஒரு பிளெமிஷ் கிராமத்தில் நடப்பதாகப் புரூகல் வரைந்தார். அந்தப் படுகொலை நடந்ததற்கு மத்தேயுவைத் தவிர வேறு சான்று இல்லை, முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ்கூட எழுதவில்லை என்று வரலாற்றாசிரியர்கள் சொல்வதை நான் அறிவேன். ஆனால் மத்தேயு எழுதியிருக்கிறார். பிறப்புக் கதையின் ஒரு பகுதியாகவே எழுதியிருக்கிறார். சாஸ்திரிகள் திரும்பிப் போன அடுத்த பக்கத்தில் அது இருக்கிறது. அந்தக் கட்டளையை ஏன் என்று கேளாமல் ஏற்று வீடு வீடாகப் போனவர்களும் இருக்கிறார்கள்.

அந்த ஓவியத்தை இன்று பார்த்தால் உங்களுக்குக் குழப்பமாக இருக்கும். கவசமணிந்த குதிரை வீரர்கள் வெண்பனியில் அணிவகுத்து நிற்கிறார்கள். கதவை உடைக்கிறார்கள். ஆண்கள் மன்றாடுகிறார்கள், பெண்கள் கதறுகிறார்கள். ஆனால் வீரர்கள் குத்துவது கால்நடைகளை. பறிப்பது தின்பண்டங்களையும் மூட்டைகளையும். பனியில் உட்கார்ந்து அழுகிற ஒரு தாயின் மடியில் ஒரு துணிப் பொதி. துணிப் பொதிக்கா இப்படி அழுவார்கள்?

பேரரசரின் சேகரிப்புக்குள் போன பிறகு யாரோ ஒருவர் தூரிகையை எடுத்து, குழந்தை இருந்த இடங்களில் ஒவ்வொன்றாக விலங்கும் உணவும் மூட்டையுமாகத் தீட்டி மறைத்துவிட்டார். படுகொலை, கிராமக் கொள்ளை ஆகிவிட்டது. மேல் வர்ணம் காலப்போக்கில் மெலிந்து, அடியிலிருக்கும் உருவங்கள் ஆங்காங்கே நிழலாடுகின்றன. அகச்சிவப்புக் கருவியால் பார்த்தால் குழந்தைகள் தெளிவாகவே தெரிகிறார்கள்.

தீட்டியவரைத் தீயவர் என்று நான் சொல்ல மாட்டேன். விருந்தினர் வந்து போகும் இடத்தில் கண்ணை உறுத்தாத படம் இருந்தால் நல்லது என்று நினைத்திருக்கலாம். நட்சத்திரம் இருக்கட்டும், தூதர் பாட்டு இருக்கட்டும், தொட்டில் இருக்கட்டும், இந்தப் பக்கம் மட்டும் வேண்டாம் என்று அம்மையாரும் இன்று தம் உரையில் அதைத் தொடாமலே தாண்டிப் போனார். அவர் விவரித்த பெத்லகேமில் எல்லோரும் மகிழ்ச்சியாக இருந்தார்கள். படுகொலையைச் சொல்லும் இடத்தில் மத்தேயு நினைவூட்டும் ராகேல் என்ற தாய் தன் பிள்ளைகளுக்காக அழுத குரல் அங்கே கேட்கவில்லை.

இதோ மணி அடித்துவிட்டது. உட்காருகிறேன். எதிரணியின் அடுத்த பேச்சாளர் எழுந்ததும் எனக்காக ஒன்றே ஒன்றுக்குப் பதில் சொல்லிவிட்டுத் தம் உரையைத் தொடங்கட்டும், நடுவர் அவர்களே. அந்தத் தாயின் மடியில் இருப்பது என்ன?