விமானத்தில் காபிக் குடுவைக்குக்கூடத் தாழ்ப்பாள் உண்டு, உங்கள் கைக்குழந்தைக்கு?

(திரையில்: விமானத்தின் சமையற்பகுதி. பணிப்பெண் ஒவ்வொரு தாழ்ப்பாளாகத் திருகிச் சரிபார்க்கிறார்.)

வணக்கம். விமானம் கிளம்புவதற்குச் சற்று முன்பு பணிக்குழுவினர் நடைவழியில் வந்து எதையெல்லாம் சரிபார்க்கிறார்கள் என்பதை அடுத்த முறை கவனித்துப் பாருங்கள். காலடியில் கிடக்கும் பை முன்னிருக்கைக்கு அடியில் முழுமையாகப் போக வேண்டும். மடியில் இருக்கும் மடிக்கணினி உள்ளே போக வேண்டும். சாய்த்த இருக்கை நிமிர வேண்டும், உணவுத் தட்டு மடங்க வேண்டும், சமையற்பகுதியில் இருக்கும் காபிக் குடுவை அதற்குரிய இடத்தில் பொருத்தப்பட்டுத் தாழிடப்பட வேண்டும். இவற்றில் ஒன்று விட்டுப்போனாலும் அது விதிமீறல். அதே விமானத்தில், அதே நொடியில், பத்துக் கிலோ எடையுள்ள ஒன்றரை வயதுக் குழந்தை எதனோடும் கட்டப்படாமல் அம்மாவின் மடியில் உட்கார்ந்திருக்கலாம். அமெரிக்க விதியின்படி அதில் ஒரு தவறும் இல்லை.

இந்த விதியை மாற்றும்படி 1990 முதல் கேட்டும் அது ஏன் மாறவில்லை, மாறாததால் பெற்றோரின் பொறுப்பில் எது வந்து சேர்கிறது என்பதைத்தான் இந்தக் காணொளியில் பார்க்கப் போகிறோம். மாறாததற்குச் சொல்லப்படும் காரணம் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அதில் கொஞ்சம் அதிக நேரம் நிற்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பின்னணியை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுகிறேன்: உலகின் பெரும்பாலான நாடுகளில் இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்குத் தனி இருக்கை கட்டாயமில்லை, இரண்டு வயது நிரம்பிவிட்டால் கட்டாயம்.

(திரையில்: அமெரிக்க வரைபடம். டென்வரிலிருந்து சிகாகோ நோக்கி ஒரு கோடு நகர்ந்து, அயோவா மாநிலத்தில் வளைகிறது.)

1989 ஜூலை 19. யுனைட்டட் ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் 232-ஆம் எண் விமானம் டென்வரிலிருந்து சிகாகோவுக்குப் பறந்துகொண்டிருந்தது. 296 பேர் பயணம் செய்த அந்த டி.சி.-10 விமானத்தின் வால் பகுதி எஞ்சினில் இருந்த விசிறித் தட்டு பிற்பகல் 3.16 மணிக்கு வெடித்துச் சிதறியது. சிதறிய துண்டுகள் மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளையும் செயலிழக்கச் செய்தன. விமானத்தைத் திருப்பவோ ஏற்றவோ இறக்கவோ உதவும் எந்தப் பரப்பும் விமானியின் கட்டளைக்கு அசையவில்லை. மீதமிருந்த இரண்டு எஞ்சின்களின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் மட்டுமே கேப்டன் ஆல் ஹெய்ன்ஸும் அவருடைய குழுவினரும் அந்த விமானத்தை 44 நிமிடங்கள் பறக்கவைத்து, சூ சிட்டி விமான நிலையத்தின் ஓடுபாதை வரை கொண்டுவந்தார்கள். விமானவியலில் அது ஒரு பெரும் சாதனை. அதைப் பற்றி ஆயிரம் காணொளிகள் இருக்கின்றன, ஆகவே நான் விமானி அறைக்குள் போகப் போவதில்லை. பின்னால் பயணிகள் பகுதியில் நடந்ததைப் பார்ப்போம்.

அன்று அந்த விமானத்தில் 52 குழந்தைகள் இருந்தார்கள். குழந்தைகளுக்கான கட்டணச் சலுகை நாள் அது. அவர்களில் நால்வர் தனி இருக்கை இல்லாத மடிக்குழந்தைகள். தரையிறங்கும்போது மோதல் நிகழும் என்று தெரிந்தபின், மடிக்குழந்தைகளை என்ன செய்வது என்ற கேள்வி தலைமைப் பணிப்பெண் ஜேன் பிரவுன் முன்னால் வந்து நின்றது. நிறுவனத்தின் கையேட்டில் அதற்கு ஒரு விடை இருந்தது: குழந்தையைச் சுற்றிப் போர்வைகளையும் தலையணைகளையும் அண்டக்கொடுத்து, பெற்றோரின் காலடியில் தரையில் வைக்க வேண்டும். அவர் அதைத்தான் சொன்னார். பெற்றோர்களும் அதைத்தான் செய்தார்கள்.

விமானம் தரையில் மோதி, உடைந்து, தீப்பற்றியது. நடுப்பகுதி தலைகீழாகப் புரண்டு சோள வயலுக்குள் போய் நின்றது. தரையில் வைக்கப்பட்ட ஒரு பெண் குழந்தையின் அழுகுரல் கேட்டு, தப்பி வெளியேறிவிட்ட பயணி ஒருவர் புகைக்குள் திரும்பிப் போய்த் தேடினார். குழந்தை கிடைத்த இடம், தலைக்கு மேலே பைகளை வைக்கும் பெட்டி. விமானம் கவிழ்ந்துவிட்டதால் அந்தப் பெட்டி தரையாகியிருந்தது. அவள் பிழைத்தாள். இன்னொரு மடிக்குழந்தை, இரண்டு வயதை நெருங்கிக்கொண்டிருந்த ஓர் ஆண் குழந்தை, புகையில் மூச்சுத்திணறி இறந்தது. குழந்தையைத் தேடி எரியும் விமானத்துக்குள் திரும்பப் போக முயன்ற அந்தத் தாயைத் தடுத்து நிறுத்தியவர், குழந்தையைத் தரையில் வைக்கச் சொன்ன அதே ஜேன் பிரவுன். அவர் பிற்பாடு அமெரிக்க நாடாளுமன்றம் வரை சென்று, ஒவ்வொரு குழந்தைக்கும் தனி இருக்கையும் இருக்கைப் பட்டையும் வேண்டும் என்று சாட்சியம் சொன்னார்.

அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 1990-இல் அதையே பரிந்துரையாக எழுதியது. 1994 ஜூலையில் சார்லட் நகரில் நடந்த யு.எஸ்.ஏர் 1016 விபத்தில், தாயின் மடியிலிருந்த ஒன்பது மாதக் குழந்தை அவர் பிடியிலிருந்து நழுவி இறந்தது, தாய் பிழைத்தார். முறையாகக் கட்டப்பட்டிருந்தால் அந்தக் குழந்தையும் பெரும்பாலும் பிழைத்திருக்கும் என்றது வாரியம்.

"நான் இறுக்கிப் பிடித்துக்கொள்வேன்" என்று சொல்லாத பெற்றோரே கிடையாது. பாசத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை, கணக்கில்தான் சந்தேகம். இன்றைய பயணிகள் விமானங்களின் இருக்கைகள் புவியீர்ப்பைப் போல 16 மடங்கு விசையைத் தாங்குகின்றனவா என்று சோதிக்கப்படுகின்றன. ஏனென்றால், ஆட்கள் உயிர்பிழைக்கக்கூடிய மோதலிலேயே அந்த அளவு விசை வரலாம். பத்துக் கிலோக் குழந்தை அந்த நொடியில் 160 கிலோவாகக் கனக்கும். ஜி.எஸ்.டி.யிலிருந்து தப்புவதற்காக நம்மூர் அரிசிக் கடைகளில் புழக்கத்துக்கு வந்ததே 26 கிலோச் சிப்பம், அதில் ஆறு சிப்பங்களை ஒருசேர உங்கள் இரண்டு கைகளிலும் வீசினால் பிடிப்பீர்களா? ஜிம்முக்குப் போகிறவர்களும் கையைத் தூக்க வேண்டாம்.

சரி, அம்மாவின் பட்டையையே குழந்தைக்கும் சேர்த்துப் போட்டால்? அது இன்னும் மோசம். மோதலில் பெரியவரின் உடல் முன்னோக்கி மடங்கும்போது, அந்த உடலுக்கும் பட்டைக்கும் இடையில் நசுங்குவது குழந்தை. ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் பெற்றோரின் பட்டையோடு கோத்துக் குழந்தையின் வயிற்றைச் சுற்றிப் போடும் சிறிய வளையப் பட்டை ஒன்றைத் தருவார்கள். திடீர்க் காற்றுக் கொந்தளிப்பில் குழந்தை கூரையில் போய் மோதாமல் தடுக்க அது உதவும். ஆனால் மோதல் என்று வந்தால் அதே நசுங்கும் ஆபத்து இருப்பதால், விமானம் ஓடுபாதையில் நகரும்போதும் ஏறும்போதும் இறங்கும்போதும் அதை அணிவிக்க அமெரிக்கா அனுமதிப்பதில்லை. ஒரு கண்டத்தில் கட்டாயம், இன்னொரு கண்டத்தில் தடை.

(திரையில்: ஒரு தராசு. ஒரு தட்டில் விமானம், மறு தட்டில் கார்.)

இப்போது நான் காத்திருந்த பகுதி. குழந்தைகள் இறந்து, வாரியம் பரிந்துரைத்து, பணிப்பெண்கள் போராடி, அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கமும் 2001-இல் இதையே வலியுறுத்திய பிறகும், விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் எஃப்.ஏ.ஏ. ஏன் மறுத்தது? விமான நிறுவனங்களின் பணப்பேராசை என்றுதான் பலரும் உடனே நினைப்பார்கள். எஃப்.ஏ.ஏ. சொன்ன காரணம் வேறு: கட்டாயமாக்கினால் அதிகக் குழந்தைகள் இறப்பார்கள்.

தட்டச்சுப் பிழை இல்லை, நீங்கள் சரியாகத்தான் கேட்டீர்கள். அவர்களுடைய வாதம் இப்படிப் போகிறது. கைக்குழந்தைக்கும் முழு இருக்கை வாங்க வேண்டும் என்றால் பயணச் செலவு கூடும். செலவு கூடினால் சில குடும்பங்கள் விமானத்தை விட்டுவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் போகும். நெடுஞ்சாலை, விமானத்தைவிடப் பல மடங்கு ஆபத்தானது. ஆகவே வானத்தில் ஓர் உயிரைக் காப்பாற்றப் போய்ச் சாலையில் அதைவிட அதிகம் இழப்போம். சாக்குப்போக்கு போலத் தோன்றும் இந்த வாதத்தைக் குழந்தை மருத்துவ ஆய்வாளர்கள் மூவர் தனியாகக் கணக்கிட்டு 2003-இல் வெளியிட்டார்கள். குழந்தை இருக்கையைக் கட்டாயமாக்கினால் அமெரிக்காவில் விமான விபத்துகளில் தடுக்கப்படும் குழந்தை மரணங்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ 0.4 என்று அவர்களுக்கு விடை வந்தது. அதாவது, ஐந்து ஆண்டுகளுக்கு இரண்டு உயிர். விமானத்திலிருந்து காருக்கு மாறும் குடும்பங்கள் நூற்றுக்கு ஐந்து முதல் பத்தைத் தாண்டினாலே, சாலையில் கூடும் மரணங்கள் அந்த மிச்சத்தை விழுங்கிவிடும் என்றும் அவர்கள் கண்டார்கள். 2005-இல் எஃப்.ஏ.ஏ. கட்டாயமாக்கப் போவதில்லை என்று அறிவித்தது. வாரியம் தன் மிக முக்கியமான கோரிக்கைகளின் பட்டியலில் 1999-இல் சேர்த்திருந்த இதை 2006 நவம்பரில் எடுத்துவிட்டது.

இந்தக் கணக்கை நான் பலமுறை திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஓர் அரசாங்கம் போடும் கணக்காக இதில் எனக்குக் குறை தெரியவில்லை. ஆனால் இந்தக் கணக்குக்குள் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். காரா விமானமா என்று இன்னும் முடிவு செய்யாத குடும்பம்தான் இதில் இருக்கிறது. பயணச்சீட்டு வாங்கி, பெட்டி கட்டி, விமான நிலையத்துக்கு வந்துவிட்ட உங்களைப் பற்றி இது ஒரு சொல்லும் சொல்லவில்லை. இந்தக் காணொளியைப் பார்ப்பவர்களில் சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கோ டொராண்டோவுக்கோ குழந்தையோடு கார் ஓட்டிக்கொண்டு போகிறவர் யாரேனும் இருந்தால், தயவுசெய்து எனக்கு எழுதுங்கள், உங்களைப் பேட்டி எடுக்கிறேன். மற்றவர்களுக்கு அந்த மாற்று வழியே கிடையாது. மாற்று வழி இல்லாதபோது "மடியில் வைக்கலாம்" என்ற விதியைக் காப்பாற்றிய வாதமும் இல்லை. "சட்டம் அனுமதிக்கிறது, ஆகவே பாதுகாப்பானதுதான்" என்று பெற்றோர் நினைக்கிறார்கள், அனுமதிக்கும் எஃப்.ஏ.ஏ.வோ தன் இணையதளத்திலேயே, குழந்தைக்கு மிகப் பாதுகாப்பான இடம் அங்கீகரிக்கப்பட்ட குழந்தை இருக்கைதான், உங்கள் மடி அல்ல என்று எழுதி வைத்திருக்கிறது. கட்டாயப்படுத்த மாட்டோம், முடிவு உங்களுடையது என்பதுதான் இதற்குப் பொருள். என்னைக் கேட்டால், இவ்வளவு பெரிய விஷயத்தைப் பயணச்சீட்டு வாங்கும் பக்கத்தில் ஒரு வரியாகவாவது சொல்லியிருக்கலாம்.

2024 ஜனவரி 5 அன்று போர்ட்லாந்திலிருந்து கிளம்பிய அலாஸ்கா ஏர்லைன்ஸ் 1282 விமானத்தில், சுமார் 16,000 அடி உயரத்தில் கதவு அளவுக்கு ஒரு பகுதி பிய்த்துக்கொண்டு போனது. காற்று இழுத்த இழுப்பில் அருகிலிருந்த ஒரு சிறுவனின் சட்டையே உடம்பிலிருந்து உரிந்து வெளியே பறந்தது. ஓட்டைக்குப் பக்கத்து இருக்கைகளில் நல்லவேளையாக யாரும் இல்லை, எவரும் இறக்கவில்லை. அந்த விமானத்தில் மடிக்குழந்தைகள் மூன்று பேர் இருந்தார்கள். அதன்பின் வாரியத்தின் தலைவர் ஜெனிஃபர் ஹோமெண்டி, குழந்தைகளுக்குத் தனி இருக்கை வாங்குங்கள் என்று பெற்றோரிடம் நேரடியாகவே கேட்டுக்கொண்டார்.

அப்படியானால் என்ன செய்யலாம்? பணம் இருந்தால் இருக்கை வாங்குங்கள். வெளிநாட்டுப் பயணத்தில் மடிக்குழந்தைக்குப் பொதுவாகப் பெரியவர் கட்டணத்தில் பத்து விழுக்காடுதான் என்பதால் வித்தியாசம் பெரியது என்பதை மறைக்கவில்லை. காரில் குழந்தையைக் கட்டி உட்காரவைக்கும் கார் சீட்டைக் கொண்டுபோவதாக இருந்தால், வாகனத்திலும் விமானத்திலும் பயன்படுத்தச் சான்றளிக்கப்பட்டது என்ற வாசகம் அதன் ஒட்டுச்சீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்கச் சந்தையில் விற்பவற்றில் அது சிவப்பு எழுத்தில் இருக்கும். அகலத்தை அளந்துகொள்ளுங்கள், 16 அங்குலத்துக்கு மேல் போனால் பெரும்பாலும் பொருந்தாது. அவசரகால வழி வரிசையில் அதை வைக்க விடமாட்டார்கள். பிறர் வெளியேற இடைஞ்சல் இல்லாத ஜன்னலோர இருக்கையே வசதி. பத்து முதல் இருபது கிலோ வரையுள்ள குழந்தைக்குக் கார் சீட்டைத் தூக்கிச் சுமக்காமல், இருக்கையின் முதுகில் மாட்டி இரு தோள்களையும் பிடிக்கும் கேர்ஸ் என்ற பட்டையையும் எஃப்.ஏ.ஏ. ஏற்கிறது. குழந்தையை உயர்த்தி உட்காரவைக்கும், முதுகு இல்லாத பூஸ்டர் இருக்கை விமானம் ஏறி இறங்கும்போது கூடாது.

இருக்கை வாங்க முடியாதவர்கள், வளையப் பட்டை தரும் விமானமாக இருந்தால் கேட்டு வாங்கிப் போடுங்கள். இருக்கைப் பட்டை விளக்கு எரிந்தவுடன் விமானத்தில் தரும் தொட்டிலிலிருந்து குழந்தையை எடுத்துவிடுங்கள், தூங்கிக்கொண்டிருந்தாலும் சரி. விபத்தைவிட அடிக்கடி நடப்பது கொதிக்கும் காபியும் சூப்பும் குழந்தையின் மேல் கொட்டுவது. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சூடான எதையும் வாங்காதீர்கள், நடைவழிப் பக்கம் குழந்தையின் கைகால் நீட்டிக்கொண்டிருக்க விடாதீர்கள். ஆக்சிஜன் முகமூடி விழுந்தால் முதலில் உங்களுக்குத்தான். 35,000 அடியில் சுயநினைவோடு செயல்பட உங்களுக்குக் கிடைப்பது ஒரு நிமிடமோ அதற்கும் குறைவோ. நீங்கள் மயங்கிவிட்டால் குழந்தைக்கு மாட்ட ஆளில்லை.

இந்தியாவில் பறப்பவர்களுக்கு ஒரு செய்தி: 12 வயது வரையுள்ள குழந்தைக்கு, ஒரே பதிவில் பயணம் செய்யும் பெற்றோரில் ஒருவராவது பக்கத்தில் அமரும்படி இருக்கை ஒதுக்க வேண்டும் என்று இந்திய விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டி.ஜி.சி.ஏ. 2024 ஏப்ரலில் விமான நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. ஆகவே "காசு கட்டினால்தான் சேர்ந்து உட்காரலாம்" என்று யாரேனும் சொன்னால் இந்த உத்தரவைச் சொல்லிக் கேளுங்கள். குழந்தையைத் தனியாக விட்டுவிட்டு நான்கு வரிசை பின்னால் போய் அமராதீர்கள்.

அமெரிக்க விமானங்களில் பயணச்சீட்டு வாங்கிய குழந்தைக்கு, அங்கீகரிக்கப்பட்ட கார் சீட்டைப் பயன்படுத்துவதை மறுக்க நிறுவனத்துக்கு உரிமை இல்லை. மற்ற நாடுகளின் விமானங்களில் இது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகிறது. முன்கூட்டியே எழுதிக் கேட்டு, பதிலைக் கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கார் சீட்டோடு பறந்தவர் என்றால், எந்த வழித்தடம், எந்த வகை இருக்கை, ஏற்றுக்கொண்டார்களா மறுத்தார்களா என்பதைக் கீழே கருத்துப் பகுதியில் எழுதுங்கள். அடுத்த மாதம் முதல் முறையாகக் கைக்குழந்தையோடு ஊருக்கு வரப்போகும் யாரோ ஒருவர் அதைத் தேடிக்கொண்டிருப்பார்.