கொள்ளுத் தாத்தா குடியிருந்த ஊர் மட்டும் தெரியும், நகராட்சி ஆவணங்களில் என்ன கிடைக்கும்?

அடுத்த கேள்வி. "கொள்ளுத் தாத்தாவின் பெயரும் அவர் குடியிருந்த ஊரும் தெரியும். பிறப்பு, இறப்புச் சான்று எதுவும் கிடைக்கவில்லை. அந்த ஊர் நகராட்சியின் ஆவணக் காப்பகத்தில் தேடினால் பலன் இருக்குமா?" என்று ஒரு நேயர் கேட்டிருக்கிறார்.

இருக்கும். ஆனால் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு போனால் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் திரும்பி வருவீர்கள். நகராட்சிக்கு வேண்டியது உங்கள் வம்சம் இல்லை, வரி. அதனால் அவர்களுடைய பழைய பதிவேடுகள் பெரும்பாலும் தெரு வாரியாக, வீடு வாரியாகத்தான் இருக்கும். முதலில் வீட்டைக் கண்டுபிடியுங்கள், ஆள் அப்புறம் தானாக வருவார். பழைய கடித உறை, கல்யாணப் பத்திரிகை, பள்ளிச் சான்று என்று எதிலாவது தெருப் பெயர் இருக்கிறதா என்று துழாவுங்கள்.

தெரு தெரிந்துவிட்டால் சொத்து வரிப் பதிவேட்டைக் கேளுங்கள். ஒரு வரியில் உரிமையாளர் பெயர், குடியிருப்பவர் பெயர், கட்டடம் எப்படிப்பட்டது, மதிப்பு, வரி, நிலுவை என்று வரும். ஒரு வருடத்தை மட்டும் பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. அதே வீட்டை வருடம் வருடமாகப் பின்தொடர வேண்டும். நேற்றுவரை வாடகைக்கு இருந்தவர் திடீரென்று உரிமையாளர் பத்தியில் இருப்பார். காலி மனை என்று இருந்த இடத்தில் வீடு முளைத்திருக்கும். சில ஏடுகளில் பெயரை அடித்துவிட்டு, மேலே வேறு மையில் மனைவியின் பெயரையோ மகனின் பெயரையோ எழுதியிருப்பார்கள். அவர் இறந்திருக்கலாம், வீட்டை எழுதிக் கொடுத்திருக்கலாம். எதுவானாலும், இறப்புப் பதிவை எந்த வருடத்தில் தேடுவது என்பதற்கு ஒரு துப்பு கிடைத்துவிட்டது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு போதாதா என்று சிலர் கேட்பார்கள். அது பெரும்பாலான நாடுகளில் பத்து வருடத்துக்கு ஒருமுறை. நடுவில் வந்து போனவர் அதில் இருக்கவே மாட்டார். தாள்கள் பிழைத்திருக்கவும் வேண்டும். அமெரிக்காவின் 1890 கணக்கெடுப்பில் பெரும்பகுதி 1921 தீ விபத்துக்குப் பின் இல்லாமலே போனது. அயர்லாந்தில் 19ஆம் நூற்றாண்டுத் தாள்களில் சிலவற்றை அரசே அழித்தது, மீதியில் பெரும்பகுதி 1922ல் டப்ளின் ஆவண அலுவலகம் எரிந்தபோது போனது. அங்கே அந்த இடத்தை நிரப்புவது, 1847 முதல் 1864 வரை வெளியான கிரிஃபித் மதிப்பீடு. அதுவும் உள்ளூர் வரி போடுவதற்காக எடுத்த கணக்குதான்!

வரிப் பதிவேட்டில் ஒரு குறை உண்டு. வீட்டுத் தலைவர் பெயர்தான் இருக்கும். குழந்தைகள், கூட இருந்த உறவினர்கள் எல்லாம் கணக்கிலேயே வர மாட்டார்கள்.

இன்னொரு சிக்கல், கதவு எண். தெருவுக்குப் பெயர் மாற்றுவார்கள், எண்களை மறுபடி முதலிலிருந்து போடுவார்கள். எண் மாறிய வருடத்தில் பக்கத்து வீட்டுக்காரர்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். இடப்பக்கமும் வலப்பக்கமும் அதே பெயர்கள் இருந்தால், நடுவில் இருப்பது உங்கள் வீடுதான். ஊர் எல்லையும் அப்படித்தான் மாறும். இங்கிலாந்தில் போர்ன்மவுத் நகரம் 1974ல் ஹாம்ப்ஷயரிலிருந்து டோர்செட்டுக்குப் போனது. இன்றைய வரைபடத்தைப் பார்த்து அலுவலகத்தைத் தேர்ந்தெடுத்தால் அலைச்சல்தான். அந்தக் காலத்தில் ஊர் யாருக்குக் கீழ் இருந்தது என்று முதலில் பாருங்கள்.

நகர்மன்றக் கூட்ட நடவடிக்கைப் புத்தகமும் பார்க்கலாம், பொறுமை இருந்தால். கடை உரிமம் கேட்டவர், சாக்கடை பற்றிப் புகார் கொடுத்தவர், ஒப்பந்தம் எடுத்தவர் எல்லாம் பெயரோடு வருவார்கள். பெயர்களின் அகரவரிசைப் பட்டியல் இல்லாவிட்டால் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும், அதனால் இதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். நகராட்சி மயானம் இருந்தால் அதன் பதிவேட்டை முன்னால் பாருங்கள், தேதி நேராகக் கிடைக்கும்.

போவதற்கு முன் காப்பகத்துக்கு ஒரு கடிதம் போடுங்கள். "என் குடும்பம் பற்றி ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. தெரு, உத்தேசமான வருடங்கள், எந்தப் பதிவேடு என்று மூன்றையும் எழுதுங்கள். பழைய ஏடுகள் பல நேரம் வேறு கிடங்கில் இருக்கும், முன்கூட்டியே சொன்னால்தான் எடுத்து வைப்பார்கள். தனிநபர் விவரம் உள்ள சில ஏடுகளைக் குறிப்பிட்ட காலம் வரை திறக்க மாட்டார்கள். அதையும் அந்தக் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள்.