குழுவுல வந்த அந்த மெயிலை உண்மையில யார் அனுப்புனது?

அடுத்த கேள்வி. சென்னையில பறவை பார்க்கிற குழு ஒண்ணை நடத்துறவர் கேட்டிருக்காரு. ஒரே முகவரிக்கு எழுதினா எல்லாருக்கும் மெயில் போற கூகுள் குரூப்ஸ்ல 140 பேர் இருக்காங்களாம். "எங்க பழைய உறுப்பினர் ஒருத்தர் பேர்ல, அவசரமா கிஃப்ட் கார்டு வாங்கி நம்பர் அனுப்புங்கன்னு மெயில் வருது. அவர் நான் அனுப்பவே இல்லைங்கிறாரு. அவரைக் குழுவை விட்டு எடுத்துடலாமா?"

எடுக்காதீங்க. அவசரப்பட்டு எடுத்தா அவர் மனசு நோகும், மெயில் நிக்காது. மெயில்ல "அனுப்புநர்"னு வர்ற இடம் தபால் உறை மேல எழுதுற முகவரி மாதிரிதான், யார் பேரை வேணும்னாலும் எழுதலாம். 1982ல மெயில் அனுப்புறதுக்கான எஸ்எம்டிபி முறையை எழுதினப்ப அதைச் சரிபார்க்க எந்த ஏற்பாடும் வைக்கல. இப்ப இருக்கிற எஸ்பிஎஃப் (எந்த சர்வர்ல இருந்து வந்ததுன்னு பார்க்கிறது), டிகிம் (மெயில்ல இருக்கிற டிஜிட்டல் கையெழுத்தைப் பார்க்கிறது), டிமார்க் (இந்த ரெண்டும் அனுப்புநர் முகவரியோட பொருந்துதான்னு பார்க்கிறது) எல்லாம் பின்னால போட்ட ஒட்டுதான்.

முதல்ல ஒண்ணு பாருங்க: அந்த மெயில் குழு வழியா வந்ததா, இல்ல நேரா ஒவ்வொருத்தருக்கும் வந்ததா? தலைப்புல குழுவோட பேர் அடைப்புக்குள்ள இருக்கா, அடியில "நீங்க இந்தக் குழுவுல இருக்கிறதால இது வந்திருக்கு"ங்கிற மாதிரி வரி இருக்கா? சந்தேகம்னா கம்ப்யூட்டர்ல ஜிமெயிலைத் திறந்து, மெயிலோட வலது பக்கம் மூணு புள்ளியை அழுத்தி "ஷோ ஒரிஜினல்" போங்க. அங்க "லிஸ்ட்-ஐடி"ன்னு தேடுங்க. உங்க குழு பேரோட இருந்தா குழு வழியா வந்தது. இல்லைன்னா அது குழு வழியா வரல, நேரா வந்தது.

கிஃப்ட் கார்டு மெயில் பெரும்பாலும் இந்த ரெண்டாவது ரகம்தான். பேர் மட்டும் உங்க ஆளோட பேர். பேருக்குக் கீழ இருக்கிற சின்ன அம்புக்குறியை அழுத்துனா, முன்பின் தெரியாத ஏதோ ஒரு முகவரி நிக்கும். உறுப்பினர் பட்டியலை யாரோ அள்ளிட்டுப் போயிருக்கலாம். செட்டிங்ஸ்ல ஜெனரல் பகுதியில "ஹூ கேன் வியூ மெம்பர்ஸ்"ங்கிறதை மேனேஜர்களுக்கு மட்டும்னு மாத்துங்க. "ஹூ கேன் வியூ கான்வர்சேஷன்ஸ்" குழு உறுப்பினர்களுக்கு மட்டும். போன முகவரி போனதுதான், திரும்ப வராது. ஆனா இனிமே சேர்றவங்க முகவரியாவது தப்பிக்கும்.

சரி, குழு வழியாவே வந்திருக்குன்னு வைங்க. இங்கதான் நிறையப் பேர் ஏமாறுறாங்க. ஷோ ஒரிஜினல் பக்கத்து மேல எஸ்பிஎஃப் "பாஸ்"னு காட்டுதே, அப்ப அவர்தான அனுப்பியிருக்காருன்னு சண்டைக்குப் போயிடுவாங்க. அந்த பாஸ் அவருக்கு இல்லை, குழுவோட சர்வருக்கு. அவர் மெயிலைக் கூகுள் குரூப்ஸ் வாங்கி, தன் கையால 140 பேருக்கும் மறுபடி அனுப்புது. சோதிக்கிறப்ப நிக்கிறது அந்தக் கைதான். தலைப்புல குழுப் பேரைச் சேர்த்து, அடியில ஒரு வரியும் போட்டுட்டா அனுப்புனவரோட டிகிம் கையெழுத்தும் உடைஞ்சு போகும். அதனால கீழ இறங்கி "எக்ஸ்-ஒரிஜினல்-ஆதென்டிகேஷன்-ரிசல்ட்ஸ்"ங்கிற வரியைத் தேடுங்க. குழுவுக்கு வந்து சேர்ந்தப்ப என்ன நிலைமைன்னு அதுதான் சொல்லும்.

அதுல டிகிம் பாஸ், கூடவே அவர் முகவரியோட டொமைனும் (@க்குப் பின்னால வர்ற பகுதி) இருந்தா, பெரும்பாலும் அவர் கணக்குல யாரோ புகுந்துட்டாங்க. பாஸ்வேர்டு மாத்தி, ரெண்டு கட்டச் சரிபார்ப்பு போட்டா மட்டும் போதாது. ஜிமெயில் செட்டிங்ஸ்ல "ஃபில்டர்ஸ்", "ஃபார்வர்டிங்" ரெண்டையும் அவரைத் திறந்து பார்க்கச் சொல்லுங்க. திருடன் அங்க ஒரு விதி எழுதி வெச்சிருக்கலாம்: வர்ற பதிலெல்லாம் நேரா குப்பைக்குப் போயிடும். "நீங்க அனுப்புனதா?"ன்னு நீங்க கேட்டு அனுப்புற மெயிலும் அவர் கண்ணுல படவே படாது. அனுமதி கொடுத்து வெச்ச பழைய ஆப்களையும் நீக்கணும், மத்த கருவிகள்ல இருந்து வெளியேறணும். அது முடியுற வரைக்கும் அவர் மடலை மட்டும் மாடரேஷன்ல வைங்க, அதாவது நீங்க பார்த்து விட்டாத்தான் குழுவுக்குப் போகணும்.

அந்த வரியில ஃபெயில்னு இருந்தா பொய் முகவரியா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். "உறுப்பினர் மட்டும் எழுதலாம்"னு வெச்சிருந்தும் எப்படி உள்ள வந்துச்சுன்னா, குழு பார்க்கிறது அந்த உறை முகவரியைத்தான். இதுக்கு போஸ்டிங் பாலிசீஸ்ல "ஸ்பேம் மெசேஜ் ஹேண்ட்லிங்"னு ஒண்ணு இருக்கு. சந்தேகமான மடலை நிறுத்தி வைக்கிற மாதிரி அதைப் போடுங்க.

இந்த மாதிரி மெயில் குழுவுக்குள்ள வர்ற மூணாவது வழி, புதுசா சேர்றவங்க. இங்க கதவைப் பூட்டுறதை விட முதல் மடலைப் பிடிச்சு வைக்கிறதுதான் வேலைக்கு ஆகும். அதே பக்கத்துல "நியூ மெம்பர் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்" இருக்கும், புது உறுப்பினர் மடலெல்லாம் மாடரேஷனுக்கு வரணும்னு வைங்க. ஒரு மடலைப் பார்த்துட்டு விட்டுடாதீங்க. "நல்ல குழு, சேர்ந்ததுல மகிழ்ச்சி"ன்னு பச்சைப்பிள்ளை மாதிரி ஒண்ணு போட்டு, விட்டதும் லிங்க் அனுப்புற கணக்குகள் இருக்கு. பறவையைப் பத்தி உருப்படியா மூணு மடல் வரட்டும். சேர விண்ணப்பிக்கிறப்பவே ஒரு கேள்வி கேளுங்க. "பறவைகள் பிடிக்குமா"ன்னு கேட்டா எந்த இயந்திரமும் பத்தி பத்தியா எழுதும். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துல எங்க நின்னு பார்ப்பீங்க, வெயில் எந்தப் பக்கம் அடிக்கும்னு கேளுங்க.

நிறுத்தி வெச்ச மடலைத் தினம் ஒரு தடவையாவது பார்க்க ரெண்டு மூணு பேர் வேணும். ஒருத்தர் ஊருக்குப் போயிட்டா நல்ல மடலும் ஒரு வாரம் தூங்கும், எழுதுனவர் கோவிச்சுக்கிட்டுப் போயிடுவாரு. ஸ்பேம்னு தெரிஞ்சா சத்தமில்லாம அழிச்சிடுங்க. "உங்க மடல் நிராகரிக்கப்பட்டது"ன்னு பதில் அனுப்புற வசதி அதுக்கு வேண்டாம். பொய் முகவரின்னா அந்தப் பதில் பாவம் சம்பந்தமில்லாத ஒருத்தர் பெட்டியில போய் விழும்.

உறுப்பினர்கள் கிட்ட ரெண்டு விஷயம் சொல்லிடுங்க. ஒண்ணு, "இதை யாரு அனுப்புனா, நிறுத்துங்க"ன்னு ரிப்ளை ஆல் போடாதீங்க. ஒரு ஸ்பேமுக்கு இருபது கண்டனம் வரும், ஒவ்வொண்ணுக்கும் கீழ அந்த லிங்க் மறுபடி ஒட்டிக்கிட்டு வரும், அதுவும் இந்தத் தடவை நம்பிக்கையான ஆள் பேர்ல. ரெண்டு, குழு வழியா வந்த மெயில்ல ஸ்பேம் பட்டனை அழுத்தாதீங்க. பத்துப் பேர் அழுத்துனா குழுவோட நல்ல மடலையும் ஜிமெயில் ஸ்பேம் பெட்டிக்குத் தள்ள ஆரம்பிக்கும். நடத்துறவருக்கு ஃபார்வர்டு பண்ணிட்டு அழிச்சா போதும்.

யாராவது ஏற்கெனவே கார்டு வாங்கி நம்பரை அனுப்பிட்டாங்களா? அப்ப இந்த செட்டிங்ஸ் எல்லாம் சாயங்காலம் பார்த்துக்கலாம். முதல்ல கார்டு கம்பெனிக்குப் போன் பண்ணி அந்த நம்பரை முடக்க முடியுமான்னு கேளுங்க, உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கும் கூப்பிட்டுப் புகார் கொடுங்க. மெயிலை அழிக்காதீங்க, ஷோ ஒரிஜினல் பக்கத்தை டவுன்லோட் பண்ணி வைங்க, போலீஸ் அதைக் கேட்கலாம்.