சந்தேகங்களுக்கு விளக்கம்: உயிர் போற இடத்துல இவ்வளவு கிண்டல் எதுக்கு?

வணக்கம். போன மாசம் போட்ட, பாதாமியில பாறை ஏறின வீடியோவுக்கு நிறைய கேள்வி வந்திருக்கு. ஷூ எங்க வாங்கறது, கயிறு எத்தனை மீட்டர் வேணும், விரல் தோல் உரிஞ்சா என்ன பண்றது, இதெல்லாம் அடுத்த வாரம் சொல்றேன். ஒரே ஒரு கேள்வி மட்டும் நாலு நாளா மனசை அரிச்சுக்கிட்டே இருக்கு. கோயம்புத்தூர்லேருந்து ஒரு அம்மா எழுதியிருக்காங்க. அப்படியே படிக்கிறேன்.

"என் பையன் பெங்களூர்ல வேலை பாக்குறான். சனி ஞாயிறு ஆனா பாறை ஏறப் போயிடுறான். உங்க வீடியோவுல ஒரு பையன் மேல தொங்கிக்கிட்டு கத்துறான், கீழ நிக்கிறவங்க எல்லாம் விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க. உயிர் போற இடத்துல என்ன சிரிப்பு? இவங்களை நம்பியா நான் பிள்ளையை அனுப்பறது?"

அம்மா, கோபத்துல எழுதியிருக்கீங்க, அந்தக் கோபம் நியாயம்தான். உங்க இடத்துல எங்க அம்மா இருந்தாலும் இதையேதான் கேட்டிருப்பாங்க. அதனால நிதானமாவே பதில் சொல்றேன்.

முதல்ல ஒண்ணு பண்ணுங்க. அந்த வீடியோவை இன்னொரு தடவை போட்டுப் பாருங்க. இந்தத் தடவை யார் வாயையும் பாக்காதீங்க, கீழ கயிறு பிடிச்சிருக்கிற பையனோட வலது கையை மட்டும் பாருங்க. அவன்தான் பிலேயர். சிரிக்கிறான், தலையை ஆட்டுறான், பக்கத்துல இருக்கிறவன் சொன்னதுக்குப் பதிலும் சொல்றான். அந்த வலது கை மட்டும் கயித்தை விட்டு ஒரு நொடி கூட விலகியிருக்காது. மேல இருக்கிற பையன் கத்தினது பயத்துல இல்லம்மா. 'டேக், டேக்'னு கத்துறான். தொய்வா இருக்கிற கயித்தை இழு, நான் உக்காரப் போறேன்னு அர்த்தம். கீழ இருக்கிறவன் இழுத்துட்டான், அவனும் உக்காந்துட்டான். ரெண்டு பேரும் அவங்கவங்க வேலையைப் பாத்துட்டாங்க. அதுக்கப்புறம்தான் சிரிப்பு.

வாயைப் பாக்காதீங்க, கையைப் பாருங்கன்னு நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கேன், பழைய வீடியோ பாத்தவங்களுக்குத் தெரியும். இன்னைக்கும் அதையேதான் சொல்லப் போறேன்.

அந்தக் குரங்குக் கதையைத் தெரியாதவங்களுக்காக மறுபடி சொல்றேன். பாதாமின்னா வேற எந்த ஊரோன்னு நினைக்காதீங்க, 642-ல நரசிம்மவர்ம பல்லவன் பிடிச்ச அதே வாதாபிதான். சாளுக்கியர் குகைக் கோயில் குடைஞ்ச அந்தச் செவந்த மணற்கல்லுலதான் நாங்க ஏறுறோம். குரங்குத் தொல்லைக்கும் பேர் போன ஊர். ஒரு மார்கழிக் காலையில நான் பதினஞ்சு மீட்டர் உயரத்துல இருக்கேன். கீழ கயிறு பிடிச்சிருக்கிறது எங்க குழுவுலயே பெரிய சாப்பாட்டுப் பிரியர். ரெண்டு பேருக்கும் அவர் வீட்டுல கட்டிக் கொடுத்த புளியோதரை, மூணு அடி தள்ளி பைக்குள்ள இருக்கு. ஒரு கடுவன் குரங்கு வந்துச்சு. பை ஜிப்பைத் திறந்துச்சு. பொட்டலத்தைப் பிரிச்சு, நிதானமா வேர்க்கடலையைப் பொறுக்கித் தின்னுச்சு. அவர் கூச்சல் போட்டாரு, காலால மண்ணைத் தள்ளினாரு, குரங்கோட பரம்பரையையே திட்டினாரு. கயித்தை மட்டும் விடல. நான் முழுசா ஏறி முடிச்சு, பத்திரமா இறங்கி, காலை மண்ணுல வச்சு 'ஆஃப் பிலே', அதாவது இனி கயித்தை விடலாம்னு சொன்ன பிறகுதான் ஓடினாரு. அதுக்குள்ள இலை மட்டும்தான் மிச்சம். ரெண்டு பேரும் அன்னைக்கு மத்தியானம் வரைக்கும் பட்டினி. இன்னைக்கு வரைக்கும் அவரைப் பாத்தா எல்லாரும், 'அண்ணே, கடலையாவது மிச்சம் வச்சுதா?'ன்னுதான் கேப்பாங்க. அந்தக் கிண்டலுக்குள்ள எவ்வளவு மரியாதை இருக்குன்னு எங்களுக்குத் தெரியும். இவர் கயிறு பிடிச்சா கண்ணை மூடிட்டு ஏறலாம்ங்கறதைத்தான் அப்படிக் கேக்குறாங்க.

எங்க கிண்டல்ல முக்கால்வாசி இப்படி நடந்த கதைங்கதான். ஒவ்வொரு கதைக்குள்ளயும் ஒரு பாடம் ஒளிஞ்சிருக்கும். இன்னொண்ணு சொல்றேன், இது எனக்கு ரொம்பப் பிடிச்சது. பெங்களூர்ல எங்க குழுவுல பாதிப் பேர் தமிழ், பாதிப் பேர் கன்னடம். ஆரம்பத்துல ஒரு நாள் நான் மேல வழுக்கற நிலைமையில 'பிடி, பிடி!'ன்னு கத்தினேன். கீழ இருந்தது கன்னடத் தம்பி. உடனே கயித்தை நல்லா விட்டுக் கொடுத்தான். நான் ரெண்டு மீட்டர் கூடுதலா விழுந்தேன். ஏன்னு கேட்டா, கன்னடத்துல 'பிடி'ன்னு, முதல் எழுத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொன்னா, 'விடுங்க'ன்னு அர்த்தமாம்! நம்ம 'விடு'தான் அங்க 'பிடு' ஆகுது. நம்ம 'பிடி' அங்க 'ஹிடி' ஆயிடுது. யோசிச்சுப் பாருங்க. ஒரே சத்தம், இந்தப் பக்கம் உயிரைப் பிடிக்கச் சொல்லுது, அந்தப் பக்கம் விடச் சொல்லுது. அந்தத் தம்பி மேல ஒரு தப்பும் இல்ல, மரியாதையா சொல்றேன்னு நினைச்சு மரியாதையா விட்டான். கயிறு ரப்பர் மாதிரி கொஞ்சம் நீண்டு கொடுக்கிற கயிறு, அதனால எனக்கு முழங்கை சிராய்ப்போட போச்சு. அன்னையிலேருந்து ஏறுற இடத்துல கயித்தை இழுக்க 'டேக்', விட்டுக் கொடுக்க 'ஸ்லாக்', இந்த ரெண்டுதான், தாய்மொழி எல்லாம் டீக்கடையில. புதுசா வர்றவங்களுக்கு இந்தக் கதையைச் சொல்லித்தான் ஆரம்பிப்போம். வரிசையா விதி எழுதிக் கொடுத்தா மறந்துடுவாங்க. இந்தக் கதையைக் கேட்டவன் சாகுற வரைக்கும் 'டேக்'னுதான் கத்துவான்.

இந்த வழக்கம் எங்க குழுவுல மட்டும் இல்ல, பாறை ஏறுறவங்க எங்க இருந்தாலும் உண்டு. ஒரு பாறையில எப்படி ஏறணும்ங்கற குறிப்புக்கு உலகம் பூரா 'பீட்டா'ன்னு பேரு. அது எங்கேருந்து வந்துச்சு தெரியுமா? எண்பதுகள்ல ஜாக் மிலெஸ்கின்னு ஒரு அமெரிக்கக்காரர், பீட்டாமேக்ஸ் வீடியோ டேப்பை வச்சு விளையாட்டாச் சொன்ன வார்த்தை. நண்பர்களுக்குள்ள புழங்கின வார்த்தை இன்னைக்கு ஒலிம்பிக்ல வர்ணனை சொல்றவர் வாய்ல வருது. வேல்ஸ்ல 1951-ல ஜோ பிரவுனும் டான் விலன்ஸும் ஒரு செங்குத்துப் பாறையில முதல்ல ஏறினாங்க. ஜோ பிரவுன் நாலு வருஷம் கழிச்சு காஞ்சன்ஜங்காவையே முதல்ல ஏறின ரெண்டு பேர்ல ஒருத்தர். அப்பேர்ப்பட்ட மனுஷங்க அந்தப் பாறை வழிக்கு வச்ச பேர் 'கல்லறை வாசல்'. செஸ்டர் ஊர்ல ஒரு பஸ் போர்டுல பாத்த பேரு! நம்ம ஊர்ல 'சுடுகாடு ஸ்டாப்'னு வச்ச மாதிரி. ஒலிம்பிக் பத்திச் சொன்னேன்ல, அதுல ஒரு காட்சி இருக்கு. கயிறு கட்டி ஏறுற போட்டிக்கு முன்னாடி ஆறு நிமிஷம் எல்லாரும் சேர்ந்து ஏற வேண்டிய செயற்கைச் சுவத்தைப் பாக்கலாம். இன்னும் கொஞ்ச நேரத்துல ஒருத்தரை ஒருத்தர் தோக்கடிக்கப் போறவங்க பக்கத்துல பக்கத்துல நின்னு, காத்துல கையை வீசி, 'இங்க இடது கை, அங்க கால்'னு பேசிக்கிறாங்க. எனக்கு மெடல் யாருக்குன்னே நினைவு இருக்காது, அந்த ஆறு நிமிஷத்தைத்தான் திரும்பத் திரும்பப் பாப்பேன்.

சரி, எங்கயோ போயிட்டேன். அம்மா கேட்டதுக்கு வர்றேன்.

எந்த இடத்துல சிரிப்பு நிக்கணும்? முடிச்சு போடற இடத்துல. லின் ஹில்னு ஒரு அம்மா. அமெரிக்காவுல யோசெமிட்டியில எல் கேபிடன்னு ஒரு பாறை, தொள்ளாயிரம் மீட்டர் உயரம். அதுல 'நோஸ்'ங்கற வழியில, இழுத்து ஏற எந்தக் கருவியும் இல்லாம, கையாலயும் காலாலயும் மட்டும் 1993-ல ஏறினாங்க. அதுக்கு முன்னாடி ஆணோ பெண்ணோ யாரும் அப்படி ஏறினதில்ல. அதே லின் ஹில், 1989-ல ஃபிரான்ஸ்ல ஒரு சாதாரண வழியில ஏறப் போறாங்க. கயித்தை ஹார்னஸுக்குள்ள, அதான் இடுப்புல மாட்டற பெல்ட்டுக்குள்ள, நுழைச்சாச்சு. முடிச்சை முடிக்கிறதுக்குள்ள பக்கத்துல இருந்த ஒருத்தரோட பேச்சு, அப்புறம் ஷூ மாட்டற வேலை. மேல போட்டிருந்த ஜாக்கெட் அந்த இடத்தை மறைச்சிருச்சு. உச்சிக்குப் போயி, இறக்குங்கன்னு பின்னால சாஞ்சாங்க. கயிறு உருவிக்கிட்டு வந்துருச்சு. இருபது மீட்டருக்கும் மேல. நடுவுல ஒரு மரம் இருந்ததால உயிர் தப்பிச்சாங்க. உலகத்துலயே தலைசிறந்தவங்களுக்கு நடந்தது, உங்க பையனுக்கும் எனக்கும் நடக்காதா? அதனாலதான் ஏறுறதுக்கு முன்னாடி ஒருத்தர் முடிச்சை இன்னொருத்தர் தொட்டுப் பாக்கணும். எட்டு முடிச்சு சரியா இருக்கா, பெல்ட் இறுகியிருக்கா, கயித்தை மாட்டற கொக்கி, அதான் காரபைனர், பூட்டியிருக்கா. அந்த அரை நிமிஷத்துல எங்க குழுவுல யாரும் வாயைத் திறக்க மாட்டாங்க.

இப்போ நீங்க கேட்டிருக்க வேண்டிய கேள்விக்கு வர்றேன். 'இவங்க ஏன் சிரிக்கிறாங்க'ங்கறதை விடுங்க. அங்க இருக்கிறதுலயே பெரியவரை, இருக்கிறதுலயே சின்னவங்க கிண்டல் பண்ண முடியுதா? இதைத்தான் நீங்க கேக்கணும்.

ஏன்னு சொல்றேன். எங்க குழுவுல அறுபது வயசுக்காரர் ஒருத்தர் இருக்காரு. முப்பது வருஷமா ஏறுறாரு, நாங்க பாதிப் பேர் அவர்கிட்ட கத்துக்கிட்டவங்க. கன்டீரவா ஸ்டேடியம் செயற்கைச் சுவத்துல ஒரு சாயங்காலம், அன்னைக்குத்தான் ரெண்டாவது வகுப்புக்கு வந்திருந்த ஒரு காலேஜ் பொண்ணைக் கூப்பிட்டு, 'என் முடிச்சைப் பாரும்மா'ன்னாரு. அது பாத்துச்சு. முகம் மாறிடுச்சு. ஆனா, 'சரியா இருக்கு சார்'னுச்சு. அவர் வேணும்னே முடிச்சைப் பாதியில விட்டிருந்தாரு. புதுசா வர்றவங்களுக்கு அவர் வைக்கிற பரீட்சை அது. அந்தப் பொண்ணுக்குத் தப்புன்னு தெரிஞ்சிருக்கு! இவ்வளவு பெரியவர் தப்பாக் கட்டுவாரா, நாம சொன்னா மரியாதைக் குறைவா இருக்குமேன்னு வாயை மூடிக்கிச்சு. நாம எல்லாரும் அப்படித்தானே வளர்ந்திருக்கோம்?

அவர் திட்டல. அவ்வளவு பேர் முன்னாடி அந்தப் பொண்ணுக்கு ஒரே ஒரு வேலை கொடுத்தாரு. 'இனிமே வாரா வாரம் நான் ஏறும்போது நீ என்னைக் கிண்டல் பண்ணணும்.' பாவம், ஒரு மாசம் அதுக்கு வார்த்தையே வரல. ஒரு நாள் அவர் வழுக்கிட்டு, இந்தச் சுவத்துல பிடியே சரியில்லன்னு சலிச்சுக்கிட்டாரு. கீழேருந்து மெல்லிசா ஒரு குரல், 'ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், சார்.' அவர் தொங்கிக்கிட்டே கை தட்டினாரு! அதுக்கு அடுத்த வாரம், என் பெல்ட் சரியா இறுகலன்னு என்னைத் தடுத்து நிறுத்தினது அதே பொண்ணு. நிஜமாவே இறுகியிருக்கல. பரீட்சை எல்லாம் இல்ல, என் கவனக்குறைவு.

அம்மா, பெரியவரைப் பாத்துக் கேலி பேசப் பழகின வாய்தான், 'உங்க முடிச்சு தப்பு'ன்னும் சொல்லும். எல்லாரும் கைகட்டி நிக்கிற குழுவைப் பாத்தா எனக்குப் பயமா இருக்கும். அப்படி ஒண்ணுல நானும் கொஞ்ச நாள் இருந்தேன், பேர் வேணாம். தலைவர் மட்டும்தான் அங்க ஜோக் சொல்வாரு, மத்தவங்க சிரிக்கணும். ஒரு பையன் மேல போயி 'பயமா இருக்கு, இறக்குங்க'ன்னான். பத்து நிமிஷம் இறக்காம வச்சு வேடிக்கை பாத்தாங்க. நான் அன்னைக்கே என் கயித்தைச் சுருட்டிக்கிட்டு வந்துட்டேன். விழுந்ததைக் கிண்டல் பண்ணலாம், சாக்குச் சொன்னதைக் கிண்டல் பண்ணலாம். இறக்குங்கன்னு சொன்னவனைக் கிண்டல் பண்ணக் கூடாது. உடனே இறக்கணும், ஏன்னு கூடக் கேக்கக் கூடாது. உங்க பையன் போற இடத்துல இது எப்படின்னு அவன்கிட்டயே கேளுங்க. 'இறக்குங்கன்னு எப்பவாவது சொல்லியிருக்கியா, என்ன பண்ணாங்க?' இந்த ஒரு கேள்வி போதும், முகத்தைப் பாத்தாலே உங்களுக்குத் தெரிஞ்சிடும்.

தெரிஞ்ச பிறகு அனுப்பலாம்னு தோணினா அனுப்புங்க. பாதாமிக்குப் போறான்னா புளியோதரையை ரெண்டு பொட்டலமா கட்டிக் கொடுங்க. ஒண்ணை மரத்துல உயரமாக் கட்டித் தொங்க விடச் சொல்லாதீங்க, அது குரங்குக்குப் பந்தி போட்ட மாதிரி. இறுக்கமா மூடற டப்பாவுல போட்டு, ஏறாதவங்க யாராவது மடியில வச்சுக்கச் சொல்லுங்க. கயிறு பிடிக்கிறவர்கிட்ட மட்டும் கொடுக்க வேணாம்.