எங்கள் வீட்டுப் படலை

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். எட்டு நிமிடந்தான் தந்திருக்கிறார்கள்.

'மதவெறியை மாற்ற வல்லது சட்டமா, அன்பா?' இதுதான் கேள்வி. நான் அன்பின் பக்கம். எதிரணித் தலைவர் சட்டத்தரணி. சட்டப் பிரிவுகளை அடுக்கினார், கேட்டுக்கொண்டேன். ஆனால் போகிற போக்கில் ஒரு வார்த்தை விட்டாரே: "அன்பு அன்பு என்கிற இந்த அணி இன்றிரவு வீட்டு வாசல் படலையைப் பூட்டாமல் படுக்குமா?" நீங்களும் கைதட்டினீர்கள். அது எனக்கு உறைத்துவிட்டது. எழுதி வந்த குறிப்பை மடித்து வைத்துவிட்டு அந்தப் படலைக்கே வருகிறேன்.

ஐயா, யாழ்ப்பாணத்தில் நின்றுகொண்டு படலையை இப்படிச் சொல்லலாமா? சங்கடப்படலை என்று ஒன்று நம்மிடம் இருந்தது. இளையவர்களுக்காகச் சொல்கிறேன். வாசல் படலைக்கு மேலே கூரை வேய்ந்து, கீழே திண்ணை கட்டி, குடிக்கத் தண்ணீரும் வைத்திருப்பார்கள். வெயிலிலும் மழையிலும் அகப்பட்டவர் ஒதுங்குவதற்காக. வந்து குந்தியவரிடம் எந்தச் சாமியைக் கும்பிடுகிறாய் என்று யாரும் கேட்டதில்லை. கட்டியவர்கள் பூட்டத் தெரியாதவர்களா? அதே படலைக்கு உள்ளே கொண்டியும் இருந்தது. கள்ளனுக்குக் கொண்டி, களைத்து வந்தவனுக்குக் கூரை. இரண்டும் ஒரே படலையில். நானும் இன்றிரவு கொண்டி போட்டுத்தான் படுப்பேன் ஐயா. அதனால் என் அன்பு பொய்யாகிவிடாது.

பூட்டைப் பற்றி நீங்கள் தொடங்கியதால் நானும் ஒன்று கேட்கிறேன். சாதி சொல்லிக் கோயில் வாசலில் யாரையும் தடுக்கக் கூடாது என்று 1957இல் இந்த நாட்டில் சட்டம் வந்தது. 11 ஆண்டு கழித்து, 1968இல், மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் வாசலில் மக்கள் உட்கார்ந்து போராட வேண்டியிருந்ததே, ஏன்? அது சாதி, இது மதம் என்று பிரிப்பீர்கள். வாசலை மறித்தவர்கள் சாமியின் பெயரைச் சொல்லித்தான் மறித்தார்கள்.

சரி, மன்னாருக்கு வாருங்கள். 1544இல் புதிதாகக் கத்தோலிக்கரான சுமார் 600 பேரை யாழ்ப்பாணத்து அரசன் சங்கிலி அங்கே கொன்றான். 1621இல் போர்த்துக்கேயர் நல்லூர்க் கோயிலை இடித்தார்கள். 2019 மார்ச்சில், சிவராத்திரிக்கு முதல்நாள், மன்னாரில் திருக்கேதீச்சரம் சிவன் கோயிலுக்குப் போகும் வழியில் நின்ற வளைவைக் கத்தோலிக்கர் சிலர் பிடுங்கி எறிந்தார்கள். நானூற்றைம்பது ஆண்டுக்கு மேல் கணக்கு ஓடுகிறது. எந்த நீதிமன்றம் தீர்க்கும்? என் கதையும் அந்தப் பக்கத்துக் கதைதான்.

என் அப்பப்பாவுக்கு ஒரே தங்கை. 1964இல் மன்னார்க் கத்தோலிக்கர் ஒருவரை விரும்பிக் கட்டினார். அப்பப்பா என்ன செய்தார் தெரியுமா? தங்கையைப் படலைக்கு வெளியே விட்டுக் கொண்டி போட்டார். நேரே கிணற்றடிக்குப் போய்த் தலைமுழுகினார். மறுபடி சொல்கிறேன், கேளுங்கள். உயிரோடு படலைக்கு வெளியே நின்று அழுகிற தங்கைக்கு, உள்ளே அண்ணன் தலைமுழுகினார். வாளி கிணற்றில் விழுகிற சத்தம் தங்கைக்குக் கேட்டிருக்கிறது. ஒரு வாளி, இரண்டு வாளி, மூன்று வாளி. மூன்றாவது சத்தம் கேட்ட பிறகுதான் அவர் நடக்கத் தொடங்கினார்.

1995 அக்டோபர் 30. இராணுவம் நெருங்கி வர, வலிகாமமே எழும்பி நாவற்குழிப் பாலத்தால் நடந்த இரவு. இங்கே இருக்கிற பலர் நடந்திருப்பீர்கள். அப்பப்பாவும் நடந்தார். சாவகச்சேரி, அப்புறம் கிளிநொச்சி. அங்கே மலேரியாக் காய்ச்சல். ஒருநாள் கொட்டில் வாசலில் முன்பின் தெரியாத பையன் ஒருவன் சைக்கிளோடு வந்து நின்று, "மாமா, அம்மா கூட்டிவரச் சொன்னவ" என்றான். தங்கையின் மகன்.

மன்னாரில், உயிலங்குளத்துக்குக் கிட்டத் தங்கையின் வீடு. போர்க்காலத்தில் அது எல்லை ஊர். இந்தப் பக்கம் ஒரு காவல், அந்தப் பக்கம் இன்னொரு காவல். அப்பப்பா போய்ச் சேர்ந்தது ஒரு திங்கட்கிழமை. அடுப்பில் மீன் குழம்பு கொதிக்கிறது. அண்ணன் மச்ச மாமிசம் தொடாதவர் ஆயிற்றே! தங்கை பதறி, "மன்னியுங்கோ அண்ணை, வெள்ளிக்கிழமையில வருவீங்கள் எண்டு நினைச்சன்" என்று சட்டியை இறக்க ஓடினார்.

ஏன் வெள்ளிக்கிழமை? மகன்தான் சொன்னான். "மாமா, எங்கட வீட்டில வெள்ளிக்கிழமை மீன் காய்ச்சிறதில்லை. அண்ணை ஒரு வெள்ளிக்கிழமை வந்தால் என்ன செய்யிறது எண்டு அம்மா கேப்பா."

மீன் பிடிக்கிற நாட்டில், கத்தோலிக்கர் வெள்ளிக்கிழமை இறைச்சியை விட்டாலும் மீன் சாப்பிடுகிற நாட்டில், 32 ஆண்டுகள், வாராவாரம், தனக்குத் தலைமுழுகிய அண்ணனுக்காக மீன் ஏறாத அடுப்பு! எந்தச் சட்டம் ஐயா இதைக் கட்டளையிட்டது? எந்த நீதவான் இப்படி ஒரு தீர்ப்பு எழுதுவார்?

அப்பப்பா அடுப்படியில் அப்படியே இருந்துவிட்டார். "இறக்காதை தங்கச்சி. கொதிக்கட்டும். பிள்ளையள் பசியோட இருக்குதுகள்" என்றார். சாகும்வரை அவர் மீன் தொடவில்லை. அந்தச் சட்டியை இறக்கவும் விடவில்லை.

2002இல், போர்நிறுத்தத்தோடு, யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 பாதை திறந்தது. அப்பப்பா ஊருக்கு வந்தார், தங்கையையும் கூட்டிக்கொண்டு. வீடு ஓடு இல்லாமல் கிடந்தது. படலை மட்டும் நின்றது. தங்கை அதற்கு வெளியே, 1964இல் நின்ற அதே இடத்தில் நின்றுவிட்டார். கையில் செபமாலை. கால் எடுத்து வைக்கவில்லை.

அப்பப்பா கொண்டியைக் கழற்றினார். படலையை அகலத் திறந்துவிட்டுத் தான் ஒரு பக்கம் ஒதுங்கி நின்றார்.

"நீ முதல்ல போ, தங்கச்சி" என்றார்.